ஏழரையைக் கூட்டும் தாளம்

1969இல் ‘அபே ரோட்’ ஆல்பத்துக்கான பதிவுகள் நடந்துகொண்டிருந்த நாட்களில், பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் ‘ஹியர் கம்ஸ் த சன்’ பாட்டைக் கொண்டுவந்தார். இது ஏழரைக் கணக்கில் போகும் பாட்டு என்று டிரம்மர் ரிங்கோ ஸ்டாரிடம் சொன்னாராம். ரிங்கோ பல ஆண்டுகள் கழித்து ஓர் ஆவணப்படத்தில் இதை நினைவுகூர்ந்தார். அந்த எண் அவருக்குப் புரியாத பாஷையாகத்தான் கேட்டிருக்கிறது. எண்ணி வாசிக்கும் ஆள் அல்ல அவர். ஒவ்வொரு சுற்றிலும் சரியான இடத்தில் வந்து இறங்கும்படி தன் கைக்கு ஏற்ற ஒரு வழியைத் தேடிக்கொண்டார், அவ்வளவுதான். அந்தப் பாட்டு முழுக்க அப்படிப் போவதில்லை. பெரும்பகுதி சாதாரண நாலு எண்ணிக்கைதான். நடுப்பகுதியில் மட்டும் பதினொன்று, எட்டு, ஏழு என்று அடிகள் நீண்டும் குறுகியும் வருகின்றன. பாட்டைக் கேட்கும் கோடிக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனித்தே இருக்கமாட்டார்கள்.

ஏழரை என்றாலே நமக்குச் சனிதான் நினைவுக்கு வரும். ஒரு வேலையில் வீணாகச் சிக்கலை இழுத்துவிட்டுக்கொண்டவரை ஏழரையைக் கூட்டிவிட்டார் என்போம். வாரக் கடைசியில் ஒரு ஜாம் ரூமை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, சேர்ந்து பாட்டெழுதும் நான்கு பேரில் ஒருவர் “இதை செவன் எய்ட்ல (ஏழு எண்ணிக்கையில்) பண்ணலாமா?” என்று கேட்கும்போது மற்ற மூவர் முகத்திலும் அந்த உணர்வுதான் தெரியும். ஆனாலும் முயல்கிறார்கள். உலகம் முழுக்க அமெச்சூர் இசைக்காரர்களுக்கு ஐந்தின் மேலும் ஏழின் மேலும் ஓர் ஆசை விடாமல் இருக்கிறது. அந்த முயற்சிகளில் பெரும்பகுதி ஏன் பாதியில் கலைகிறது, சில ஏன் சுளுவாக அமைந்துவிடுகின்றன என்பதுதான் இங்கே கேள்வி. பொதுவாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன: கைத்திறமை போதவில்லை, காது பழகவில்லை. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஏழு என்ற தொகையை ஒப்புக்கொண்டு, அந்த ஏழை எப்படிப் பிரிப்பது என்பதை ஒப்புக்கொள்ளாமல் விடுவதே பெரும்பாலான குழுக்களைக் கவிழ்க்கிறது என்பது என் கருத்து.

முதலில் திறமை. இந்தப் பதிலைச் சொல்பவர்கள் ‘டேக் ஃபைவ்’ பதிவான கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1959இல் டேவ் புரூபெக் குவார்டெட் வெளியிட்ட ‘டைம் அவுட்’ ஆல்பத்தில் வரும் இந்த ஐந்து எண்ணிக்கைப் பாட்டு, பிறகு ஜாஸ் உலகிலேயே மிக அதிகம் விற்ற சிங்கிளாக ஆனது. டிரம்மர் ஜோ மொரெல்லோவுக்கு ஐந்தில் வாசிப்பதில் தனி விருப்பம் இருந்தது. அதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டதும் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் இரண்டு மெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்தார். அவற்றை எப்படி அடுக்கினால் பாட்டாகும் என்பதைச் சொன்னவர் புரூபெக். சேர்ந்து எழுதிய பாட்டு என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். அந்த ஆண்டு ஜூன் 25ஆம் தேதி அதைப் பதிவுசெய்ய உட்கார்ந்தார்கள். இருபது முறைக்கும் மேல் முயன்றும் யாராவது ஒருவர் எண்ணிக்கையைத் தவறவிட்டதால் அன்று கைவிட்டார்கள். ஜூலை 1ஆம் தேதிதான் பாட்டு கிடைத்தது. இவர்கள் அந்தக் காலத்தின் முன்னணித் தொழில்முறைக் கலைஞர்கள். ஆகவே திறமை இருந்தால் ஐந்து தானாக வந்துவிடும் என்பது சரியல்ல.

அந்தப் பதிவில் கவனிக்க வேண்டியது பியானோ. மூன்றும் இரண்டுமாகப் பிரிந்த ஒரே சின்னத் துணுக்கைப் புரூபெக் கிட்டத்தட்ட பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். மொரெல்லோவின் டிரம்ஸ் தனியின் போதும் அது நிற்பதில்லை. ஒரு பியானோ மேதை இப்படி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பது சிலருக்கு அலுப்பாகத் தோன்றலாம். ஆனால் நால்வரும் எந்த நொடியிலும் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளும் பொதுக் கடிகாரம் அதுதான். ஐந்து என்ற எண்ணை அது சொல்லவே இல்லை. மூன்று, இரண்டு என்ற பிரிவைத்தான் ஓயாமல் சொல்கிறது.

இனி காது. இங்கே நமக்கு நல்ல சோதனைகள் இருக்கின்றன. எரின் ஹானன், சாண்ட்ரா டிரெகப் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வுகளில், வட அமெரிக்கப் பெரியவர்களுக்கும் பல்கேரிய, மாசிடோனியப் பின்னணி கொண்ட பெரியவர்களுக்கும் பால்கன் நாட்டு மெட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தாளத்தின் கட்டமைப்பு குலையும்படி சில இடங்களை மாற்றியிருந்தார்கள். சமமான அடிகள் கொண்ட பாட்டில் குலைவை எல்லோரும் கண்டுபிடித்தார்கள். இரண்டும் மூன்றும் கலந்து நொண்டும் தாளத்தில் அமெரிக்கர்கள் தடுமாறினார்கள்; பால்கன் காதுகளுக்கு இரண்டு வகையும் ஒன்றாகவே இருந்தன. ஆறு மாதக் குழந்தைகளைச் சோதித்தபோதுதான் வியப்பு. அமெரிக்கக் குழந்தைகள் இரண்டு வகையிலும் குலைவை உணர்ந்தார்கள்! பன்னிரண்டு மாதம் ஆவதற்குள் அவர்களும் பெரியவர்களைப் போல ஊர்ப் பழக்கத்துக்குச் சாய்ந்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் வீட்டில் பால்கன் இசையைக் கேட்கவைத்தால் ஒரு வயதுக் குழந்தைக்கு அந்தக் காது திரும்புகிறது. பெரியவர்களுக்கு அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை.

நோரி ஜேக்கபி, ஜோஷ் மெக்டெர்மாட் உள்ளிட்ட பெரிய ஆய்வுக்குழு ஒன்று 2024இல் 15 நாடுகளில் 39 மக்கள் குழுக்களிடம் நடத்திய சோதனையை வெளியிட்டது. ஒழுங்கில்லாத ஒரு தட்டலைக் கேட்டுத் திரும்பத் தட்டச் சொல்வார்கள். தட்டியதையே மறுபடி போட்டுக் காட்டித் தட்டச் சொல்வார்கள். சில சுற்றுகளில் தட்டல் ஒரு எளிய விகிதத்துக்குச் சரிந்து போய் நின்றுவிடும். எல்லா மனிதர்களும் சின்ன முழு எண்களின் விகிதத்துக்கே சரிகிறார்கள். ஆனால் எந்த விகிதம் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. கல்லூரி மாணவர்களும் இணையம் வழியே கலந்துகொண்டவர்களும் மட்டும் நாடு வேறானாலும் ஒருவரை ஒருவர் ஒத்திருந்தார்கள். ஜாம் ரூமில் கூடும் நகரத்து இளைஞர்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தானே. அவர்கள் காதை வளர்த்தவை ‘ஃபோர் ஃபோரும்’ ‘சிக்ஸ் எய்ட்டும்’. நம் லைட் மியூசிக் கச்சேரிகளில் ஒரு பாட்டைச் சொன்னதும் ‘என்ன தாளம்?’ என்று டிரம்மர் கேட்கும் கேள்விக்கு இந்த இரண்டில் ஒன்றே பெரும்பாலும் பதில்.

கருவிகளும் இதற்கு உடந்தை. வீட்டில் பாட்டமைக்கும் கராஜ்பேண்ட் போன்ற மென்பொருளைத் திறந்தால் நாலு எண்ணிக்கையும் நிமிடத்துக்கு 120 அடியும் தயாராகக் காத்திருக்கும். கூடவே வரும் லூப்களில் பெரும்பான்மை நாலுக்கே வெட்டப்பட்டவை. ஏழைத் தேர்ந்தெடுத்தால் அவை முட்டிக்கொண்டு நிற்கும். மாற்றலாம், ஆனால் நள்ளிரவில் தோன்றிய ஒரு மெட்டை மறப்பதற்குள் பிடிக்க நினைப்பவர் அமைப்புகளைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

ஆனாலும் காது பழக்கத்தையே முழுக் காரணமாகச் சொன்னால் நம் ஊரில் ஒரு புதிர் இடறுகிறது. கர்நாடக சங்கீதம் கற்கத் தொடங்கும் குழந்தை ஆரம்பப் பாடங்களிலேயே அலங்காரம் பாடுகிறது. துருவம் 14, மட்யம் 10, ரூபகம் 6, ஜம்பை 10, திரிபுடை 7, அட தாளம் 14, ஏகம் 4. லண்டனிலோ சிகாகோவிலோ ஒரு ராக் குழு பெருமையாக அறிவிக்கும் எண்களை ஒன்பது வயதுப் பிள்ளை டியூஷனுக்குப் போகும் அவசரத்தில் பாடிவிட்டுப் போகிறது. அதே பிள்ளை பதினெட்டு வயதில் கிடார் எடுத்து நண்பர்களோடு ஏழில் ஒரு பாட்டெழுத முயன்றால் தடுமாறுகிறதே, அது ஏன்? காது பழகிய காதுதான். எண்ணும் தெரிந்த எண்தான்.

வகுப்பில் தாளம் கையில் இருந்தது என்பதே விடை என்று நினைக்கிறேன். தட்டு, வீச்சு, விரல் எண்ணிக்கை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பாடுபவர் போடுகிறார், குரு போடுகிறார், கச்சேரியில் முன்வரிசை ரசிகரும் போடுகிறார். எண்ணிக்கையைச் சுமப்பது யாருடைய தனிப் பொறுப்பும் அல்ல. அது அறை முழுவதன் சொத்து. பாடுபவர் எங்கே எடுத்தாலும், எடுப்பு தாளத்தின் தொடக்கமான சமத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருந்தாலும், எல்லார் தொடையும் ஒரே இடத்தில் தட்டுப்படும். பேண்டில் இந்த வேலை டிரம்மரின் தலையில் விழுகிறது. மற்றவர்கள் கைகள் கருவியில் இருப்பதால் தாளம் போட வழியில்லை. அவரவர் எண்ணிக்கை அவரவர் மண்டைக்குள். அது தவறும்போது வெளியே தெரிவதும் இல்லை, இரண்டு சுற்று கழித்து எல்லாம் இடித்துக்கொள்ளும்வரை.

எண்ணும் முறையிலும் ஒரு தொல்லை உண்டு. வேகமான ஏழை “ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு ஏழு” என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு அசை. நாக்கு சுற்றிக்கொள்ளும். நம் சங்கீதத்தின் சொற்கட்டில் ஒரு எண்ணிக்கைக்கு ஓர் எழுத்து: தகிட தகதிமி. மூன்று, நாலு; மொத்தம் ஏழு. இதில் ஏழு என்று யாரும் சொல்வதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண்களால் எண்ணும்போது ஏழும் ஒரே சங்கிலியாக நீள்கிறது. சொற்கட்டில் அது இரண்டு பிடிகளாகப் பிரிந்து கைக்கு வருகிறது. ஏழு எண்ணிக்கையுள்ள மிச்ர சாபு தாளத்தில் தட்டு விழும் இடங்கள் மூன்று மட்டுமே. ஏழு அடி அல்ல, ஒன்று நீளமும் இரண்டு குட்டையுமாக மூன்று அடி. கிரேக்கத்தின் கலமாட்டியானோ ஆட்டத்துக்கும், மாசிடோனிய, பல்கேரியக் கிராமங்களின் லெஸ்னோட்டோவுக்கும் இதே பிரிவுதான்: மூன்று, இரண்டு, இரண்டு. பல்கேரியாவின் ராச்செனிட்சா இதைத் திருப்பிப்போட்டு இரண்டு, இரண்டு, மூன்று என்று ஓடும். கோபானிட்சா பதினொன்றாக நீளும். கல்யாண வீட்டில் கைகோத்து ஆடும் பாட்டிகளிடம் பதினொன்று எண்ணச் சொன்னால் முழிப்பார்கள். குட்டைக் காலடி, நெட்டைக் காலடி என்ற இரண்டு அளவுகள்தாம் அவர்கள் காலுக்குத் தெரியும். புரூபெக்கின் ‘புளூ ரோண்டோ அ லா டர்க்’ பிறந்ததும் 1958இல் இஸ்தான்புல் தெருவில் அவர் கேட்ட அப்படியொரு ஆட்டத் தாளத்திலிருந்து: இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. அதை வாசித்தவர்கள் தெருக் கலைஞர்கள். அவர்களுக்கு அது அன்றாடச் சங்கதி.

இனி சேர்ந்து எழுதுவதன் சிக்கலுக்கு வருவோம். கிடார்காரர் ஒரு ரிஃப் கொண்டுவருகிறார். ஏழு. டிரம்மர் கேட்டு ஏழு என்று ஒப்புக்கொள்கிறார். பேஸ் வாசிப்பவரும் ஏழு. வாசிக்கிறார்கள், ஒவ்வொரு சுற்றும் ஏழில்தான் முடிகிறது, யாரும் எண்ணிக்கையைத் தவறவிடவில்லை, இருந்தும் மாடிப்படியில் பீரோவை இறக்குவதுபோல எங்கேயோ இடித்துக்கொண்டே போகிறது. பதிவைப் போட்டுக் கேட்டு யார் தப்பு என்று சண்டை. தப்பு யாருடையதும் அல்ல. ஒருவர் மூன்றும் நாலுமாகக் கேட்கிறார், மற்றவர் நாலும் மூன்றுமாக.

இதைத் தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கும் ஒற்றடுத்த குறிலுக்கும் இரண்டு என்று வைத்துக்கொண்டு “கதவு தட்டுது” என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். க-த-வு மூன்று, தட்-டு-து நாலு. அச்சு அசலான மிச்ர சாபு. இப்போது பக்கத்தில் ஒருவரை “தட்டுது கதவு” என்று சொல்லச் சொல்லுங்கள். அதே எழுத்துகள், அதே ஏழு. இருவரும் சேர்ந்து ஒரே வேகத்தில் தொடங்கி நாலைந்து சுற்று சொல்லிப் பார்த்தால், ஜாம் ரூமில் நடந்தது என்ன என்று விளங்கிவிடும். நாலும் மூன்றுமான பிரிவும் நம் சங்கீதத்தில் உண்டு. அதற்கு விலோம சாபு என்று தனிப் பெயரே இருக்கிறது. சியாமா சாஸ்திரியின் பூர்வி கல்யாணிக் கீர்த்தனை ‘நின்னுவினாக மரி’ அதில் அமைந்தது. பெயர் தனி என்பதால் குழப்பம் இல்லை. மிச்ர சாபு என்றதும் மிருதங்கக்காரருக்கு எண்ணோடு பிரிவும் சேர்ந்தே போய்ச் சேர்ந்துவிடுகிறது. ‘செவன் எய்ட்’ என்ற குறிப்போ தொகையை மட்டும் சொல்லிவிட்டு, பிரிவைப் பற்றி வாய் திறப்பதில்லை. மேற்கத்திய இசைத்தாளில் அந்தக் குறையைச் சுரங்களைக் கட்டி எழுதும் முறை ஈடுகட்டும். இசைத்தாள் படிக்காமல் காதால் வாசிக்கும் அமெச்சூர் குழுவுக்கு அந்த உதவியும் இல்லை. செவன் எய்ட்டா, செவன் ஃபோரா என்று அரைமணி நேரம் வாதாடும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாதத்தால் பாட்டுக்கு ஒரு பயனும் இல்லை.

அமெச்சூர்கள் சேர்ந்து விபரீதமான கணக்குகளைச் சுமக்கமுடியும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் வலுவான சாட்சி திருப்புகழ். 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் பாடியவற்றில் இன்று கிடைப்பவை 1,300க்கும் மேல். ஒவ்வொரு பாட்டுக்கும் தலையில் அதன் சந்தம் எழுதியிருக்கும்: தனன தந்தன, தான தத்தன என்று. தாளம் அந்தச் சந்தத்திலிருந்து பிறக்கிறது. பல பாடல்களுக்கு அங்க தாளம் என்று குறித்து, தகிட ஒன்றரை, தகதிமி இரண்டு என்று பகுதி பகுதியாகக் கூட்டிக் காட்டியிருப்பார்கள். கூட்டினால் ஐந்தரை வரும், ஏழரையும் வரும். ரிங்கோவைத் திகைக்கவைத்த அதே ஏழரைதான். டெல்லியில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவிய திருப்புகழ் அன்பர்கள் குழுக்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் இல்லத்தரசிகளும் பள்ளிப் பிள்ளைகளும் உட்கார்ந்து, கூட்டமாக, ஒரே குரலில் இவற்றைப் பாடுகிறார்கள். பெரும்பாலோர் மேடைக் கச்சேரி செய்பவர்கள் அல்ல. ஏழரையை அவர்கள் எண்ணுவதும் இல்லை. சொல் கொண்டுபோகும் இடத்துக்குப் போகிறார்கள். சொல்லின் குறில் நெடிலைச் சரியாக உச்சரித்தாலே தாளம் சரியாகிவிடும்படி பாட்டு கட்டப்பட்டிருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியின் ‘வருகலாமோ’வை ராகமும் தெரியாமல் தாளமும் தெரியாமல் முணுமுணுக்கும் தாத்தாக்கள் எத்தனை பேர்! அது மிச்ர சாபு என்று சொன்னால்தான் அவர்கள் தடுமாறுவார்கள்.

மேற்கில் நிலைத்த பாட்டுகளைப் பார்த்தாலும் அவற்றில் பல இப்படிச் சொல்லிலிருந்தோ விரலிலிருந்தோ பிறந்தவையே. பீட்டில்ஸின் ‘ஆல் யூ நீட் இஸ் லவ்’ 1967 ஜூன் 25 அன்று பல நாடுகளுக்கு நேரலையாக ஒளிபரப்பானது. அதன் சரணத்தில் ஏழு எண்ணிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. எழுதிய லென்னனுக்கு இசைத்தாள் படிக்கத் தெரியாது. வாக்கியம் முடிந்த இடத்தில் அடுத்த அடியைத் தொடங்கியிருக்கிறார், நாலுக்காக வெறுமனே காத்திருக்கவில்லை. சவுண்ட்கார்டன் குழுவின் ‘ஸ்பூன்மேன்’ ரிஃபும் ஏழுதான். அந்தக் குழுவின் கிடார் கலைஞர் கிம் தாயில், பாட்டை எழுதி முடித்த பிறகே அது என்ன கணக்கு என்று தாங்கள் பார்ப்பது வழக்கம், அதெல்லாம் தற்செயல் என்று சொல்லியிருக்கிறார். அவர் பெற்றோர் கேரளத்தவர்கள் என்பதை வைத்துச் செண்டையையும் மிச்ர நடையையும் அவர் ரத்தத்தில் தேடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

எண்ணை முதலில் வைத்துக்கொண்டு வென்றவர்களும் இருக்கிறார்கள், மறைப்பானேன். டூல் குழுவின் ‘லேட்டரலஸ்’ (2001) பாட்டில் ஒன்பது, எட்டு, ஏழு என்று அடிகள் இறங்கிவரும் பகுதி இருக்கிறது. பாட்டுக்கு முதலில் அந்த எண்களையே பெயராக வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் ஒரே டிரம்மரோடு ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வாசித்து, ஒரு ஆல்பத்துக்கு ஐந்து வருடம் எடுத்துக்கொள்ளும் தொழில்முறைக் குழு. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கிடைப்பவர்களுக்கு அந்த வழி கட்டுப்படியாகாது.

ஒரே அறையில் கூடாமலே சேர்ந்து எழுதுபவர்களின் பாடு இன்னும் கஷ்டம். 2004இலிருந்து ஆண்டுதோறும் பிப்ரவரியில் 28 நாளில் 14 பாட்டு எழுதும் ‘ஃபிப்ரவரி ஆல்பம் ரைட்டிங் மந்த்’ என்ற முயற்சி நடக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து அமெச்சூர்கள் கலந்துகொண்டு, முகம் பார்க்காதவர்களோடு பாட்டைப் பகிர்ந்து எழுதுகிறார்கள். ஒருவர் கிடார் பதிவை அனுப்புவார், இன்னொருவர் அதற்குச் சொல் எழுதுவார், மூன்றாமவர் பேஸ் சேர்ப்பார். நாலு எண்ணிக்கையில் இது சிக்கலில்லாமல் நடக்கும். ஐந்தோ ஏழோ என்றால், பதிவோடு வரும் கிளிக் சத்தம் எல்லா அடியையும் ஒன்றுபோலத் தட்டிக்கொண்டிருக்கும். எங்கே பிடி, எங்கே விடு என்று அது சொல்லாது. அனுப்பியவர் தலைக்குள் இருந்த மூன்றும் நாலும் கோப்பில் ஏறுவதில்லை. இதற்கு நம் சினிமாக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்த வழி தத்தகாரம். இசையமைப்பாளர் மெட்டைத் தன்னானே, தானானே என்று பாடிக் கொடுப்பார். கவிஞர் அந்தக் குறில் நெடிலுக்குள் சொல்லை உட்காரவைப்பார். கணக்கு என்ன என்று இருவரும் பேசிக்கொள்ளத் தேவையே இல்லை. செல்பேசியில் பதிவான பத்து நொடித் தத்தகாரம் ஒன்று, ‘செவன் எய்ட், 140’ என்ற குறிப்பைவிட ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவருக்கு அதிகம் சொல்லும்.

சொற்கட்டு இன்று நம் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. ஜான் மெக்லாக்லின் 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு நடத்திய ‘சக்தி’ குழு அதற்கு முதல் பெரிய வாசல். பிறகு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து சொற்கட்டை வாயால் வாசிக்கும் கொன்னக்கோல் கலையைக் கற்பிக்கும் ஒரு டிவிடியையும் அவர் வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாம் இசைக் கல்லூரியில் ரஃபேல் ரெய்னா கர்நாடகத் தாள முறைகளைப் பாடமாகவே வைத்து, 2015இல் அதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமும் எழுதினார். பெருமைப்படலாம். ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கொன்னக்கோல் கற்றுவந்த சிலர் எழுதும் பாட்டுகளில் கணக்கு துருத்திக்கொண்டு நிற்கிறது. ஐந்து ஏழாகி, ஏழு ஒன்பதாகி, தீர்மானம் போட்டுச் சமத்தில் இறங்கும். கேட்பவர் ‘அடேயப்பா’ என்பார், அடுத்த நாள் ஒரு வரிகூட நினைவிருக்காது. தனி ஆவர்த்தனத்தில் அந்த வியப்புக்கு இடம் உண்டு. பாட்டில் அவ்வளவு இடம் கிடையாது.

ஆகவே முயற்சி செய்யும் குழுக்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கருவியைத் தொடுமுன் நால்வரும் ஒரே சொற்கட்டை வாயால் சொல்லி, கையால் தட்டிப் பாருங்கள். தகிட தகதிமியா, தகதிமி தகிடவா என்பது அங்கேயே முடிவாகிவிட வேண்டும். பிடியின் தலை விழும் இடத்தில் பேஸும் கிக் டிரம்மும் ஒன்றாக இறங்கட்டும். கிடார் அதற்கு மேல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பாடுபவர் ஒவ்வொரு ஏழுக்கும் ஒரு வரி என்று வெட்டிக்கொண்டால் பாட்டு நொண்டும். இரண்டு சுற்றைச் சேர்த்துப் பதினாலுக்கு ஒரு வரி பாடினால் மேலே ஓடுவது சமமாகவும் கீழே ஓடுவது நொண்டியாகவும் கேட்கும். பீட்டர் கேப்ரியலின் ‘சால்ஸ்பரி ஹில்’ (1977) ஏழில் போவது பலருக்குத் தெரியாமலே போனதற்கு, கிடாரும் குரலும் அடியின் எல்லையில் நிற்காமல் வழிந்து ஓடுவதும் ஒரு காரணம். டிரம்மர்கள் இதையே ஹை-ஹாட்டில் செய்வார்கள்: ஒன்றுவிட்டு ஒன்று தட்டிக்கொண்டே போனால் முதல் சுற்றில் தலையிலும் அடுத்த சுற்றில் தலைக்கு எதிரிலும் விழுந்து, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கூடிவரும். மூச்சு எங்கே எடுப்பது என்பதையும் எழுதும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டில் பாடிப் பழகியவர் மூச்சு விடும் இடம் பெரும்பாலும் அந்த எட்டாவது எண்ணிக்கை. ஏழில் வெட்டப்படுவது அதுதான். இரண்டு பேர் மாறி மாறிப் பாடும் பாட்டாக எழுதினால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

ஏழு எண்ணிக்கையை விட்டுவிடுவதும் ஒரு வழிதான். பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ (1973) பாட்டுக்கு ரோஜர் வாட்டர்ஸ் நாணயச் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம் என்று ஏழு ஒலிகளைச் சேர்த்து ஒட்டிய டேப் சுருளே தொடக்கம். பாட்டு ஏழில் நடக்கிறது, சாக்ஸபோன் தனியும் ஏழில் போகிறது. டேவிட் கில்மரின் கிடார் தனி வந்ததும் குழு நாலுக்கு மாறிவிடுகிறது. தனி முடிந்ததும் ஏழுக்குத் திரும்புகிறது. அதை யாரும் தோல்வியாகக் கேட்டதில்லை. கிடாருக்கு அங்கே கை நீட்டி ஓட இடம் கிடைத்தது, அவ்வளவே. அமெச்சூர் குழுக்கள்தான் ஏழு என்று அறிவித்த பிறகு எட்டுக்கு இறங்குவதை மானப்பிரச்சினையாக்கிக்கொள்கின்றன.

ஏழு வேண்டுமா, எட்டே போதுமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. எழுதிய பாட்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு எண்ணிக்கையைச் சேர்த்து எட்டாக்கி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பாட்டு இன்னும் வசதியாக மூச்சு விடுகிறது, ஒன்றும் குறையவில்லை என்றால் எட்டிலேயே விட்டுவிடலாம். நான் கேட்ட அமெச்சூர் ஏழுகளில் பாதிக்கு மேல் இந்த வகை. கூட்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்து, அதை நிரப்ப டிரம்மர் வேண்டாத ஒரு உருட்டலும் பாடுபவர் வேண்டாத ஒரு ‘ஓ’வும் போடத் தொடங்கினால், அந்தப் பாட்டு முதலிலிருந்தே ஏழுதான்.